பரபக்கம் எழுதும் கடன்



ஒருவர் கொண்ட அபிப்பிராயத்தை மற்றொருவர் எழுத்தில் மறுத்துரைக்கும் முறை தமிழில் எவ்வாறு நிகழ்ந்து வந்திருக்கிறது என்பதைப் பற்றி இன்று சில எண்ணங்களைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பொருள் பரந்தது; சமயம், இலக்கணம், காவியம், பத்திரிகை ஆகிய எல்லாத் துறைகளிலும் மறுப்பு நூல்கள் நம்மிடம் மலிந்திருக்கின்றன. அவை அனைத்தையும் வரிசைப்படுத்திக் காட்டுவது ஒரு சொற்பொழிவில் முடியக்கூடியதன்று. ஆதலால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பற்றிக்கொண்டு செல்கிறேன். மறுப்பு எழுதத் துணிந்த ஒருவனுடைய தகுதியை, அவன் எதிராளியை எத்துணை வன்மையாகத் தாக்கினான் என்பதைக் கொண்டு நம் முன்னோர் அளக்கவில்லை. எதிராளியின் கொள்கையை எத்துணை நிறைவாக, எத்துணை நேர்மையாக எடுத்து எழுதிவிட்டுப் பின்பு தன் விடையைச் சொன்னான் என்பதைக் கொண்டே அளந்தார்கள். பூர்வபட்சம் என்றும் பரபக்கம் என்றும் வழங்கப்பெற்ற அந்தப் பகுதியே மறுப்பு நூலின் உயிர்நிலை என்பது என் துணிபு.

வாய்ச்சொல்லால் நிகழும் வாதத்திற்கும் எழுத்தால் நிகழும் வாதத்திற்கும் உள்ள வேற்றுமையை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். பின்னாளில் பௌத்தத் துறவியான குண்டலகேசி ஊர்தோறும் நாவற்கிளையை நட்டு, தன்னோடு வாதிட வல்லவர் அதனைப் பறித்து எறியலாம் என்று அறைகூவினாள் என்பது பழைய வரலாறு. அந்தக் கிளையைச் சாரிபுத்தர் சிறுவரைக் கொண்டு மிதிப்பித்து, அவளோடு வாதம் நிகழ்த்தி வென்றார் என்று பௌத்த நூல்கள் கூறும். அத்தகைய வாதத்தில் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஒருவர் மற்றவருடைய சொல்லைத் திரித்துக் கூறினால், திரிக்கப்பட்டவர் அக்கணமே எழுந்து, ‘நான் சொன்னது அதுவன்று’ என்று தடுத்துவிடலாம். சூழ்ந்திருக்கும் அவையும் இருவர் வாயிலிருந்தும் கேட்டு முடிவு காணலாம். எழுத்திலோ நிலைமை முற்றிலும் வேறு. அங்கே வாதியும் பிரதிவாதியும் ஒரே எழுத்தாணியின் நுனியிலிருந்து பிறக்கிறார்கள். எதிராளியின் குரலாக ஏட்டில் நிற்பது, அவனை மறுப்பவன் எழுதிக்கொடுத்த குரல். அவன் இறந்துபட்டிருக்கலாம், அவனுடைய மரபே அற்றுப்போயிருக்கலாம், இருந்து மறுமொழி கூறுதற்கு ஒருவரும் இல்லாதிருக்கலாம். எழுதுபவன்மேல் ஒரு பெரும் பொறுப்பு இதனால்தான் ஏறுகிறது.

குண்டலகேசி என்ற காப்பியத்தின் கதியே இதற்குத் தலைசிறந்த சான்று. நாதகுத்தனார் இயற்றிய அந்நூல் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்பெற்றும், இன்று நமக்கு முழுதாகக் கிடைத்திலது. புறத்திரட்டு முதலிய தொகைகளிலும் உரைகளிலும் சிதறிக் கிடந்த 19 செய்யுள்கள் அளவிலேயே அதனைக் காண்கிறோம். ஆனால் அந்நூலின் சித்தாந்தம் யாது, அது எந்த எந்த வாதங்களை எழுப்பியது என்பவற்றை நாம் ஓரளவேனும் அறிகிறோமென்றால், அவ்வுபகாரத்தைச் செய்தது அதனை அழிக்கப் புகுந்த நூலே. நீலகேசி என்ற சமண நூல் குண்டலகேசியை மறுக்கவென்றே எழுந்தது. பழையனூர்ப் பேயாக இருந்து முனிச்சந்திரரால் அறம் கேட்டுத் திருந்திய நீலகேசி, முதலில் குண்டலகேசியையும், பின்பு அவளுக்கு ஆசிரியனாகிய அருக்கசந்திரனையும், அதன்பின் மொக்கலனையும், பௌத்தருள் இறுதியாகப் புத்தரையுமே வாதுக்கழைத்து வெல்வதாக அந்நூல் அமைக்கிறது. அதற்கு உரை வகுத்த சமயதிவாகர வாமன முனிவர், குண்டலகேசிச் செய்யுள்கள் பலவற்றின் தொடக்கச் சொற்களைத் தம் உரையில் சுட்டிச் செல்கிறார். மறுக்கப்படும் செய்யுள் இன்னது என்று கற்பவன் அறிய வேண்டும், மூலத்தை எடுத்துப் பார்த்து மறுப்புச் செவ்விதா என்று தானே துணிய வேண்டும் என்ற கருத்தினாலேயே அவர் அவ்வாறு செய்தார் என்று நான் கொள்கிறேன். அவர் காலத்தில் அம்மூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நம் காலத்தில் அது மறைந்துவிட்டது. 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் அந்நூலையும் உரையையும் பதிப்பித்து வெளியிட்ட பிறகு, குண்டலகேசியைத் தேடிச் செல்பவர்கள் அதன் பகைவனுடைய வீட்டு வாயிலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆசீவகர்களின் நிலைமையும் இத்தகையதே. மற்கலியைத் தலைவராகக் கொண்ட அச்சமயத்தாரின் நூல்கள் யாவும் அழிந்தன. 1951-இல் ஏ. எல். பாஷம் என்ற ஆங்கிலேய அறிஞர் ஆசீவகர் வரலாற்றை ஒரு பெருநூலாக எழுதியபோது, தென்னாட்டு ஆசீவகர்களின் கொள்கையை அறிய அவர் நாடியவை மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் என்னும் மூன்று தமிழ் நூல்கள். அவற்றுள் ஒன்று பௌத்தம், ஒன்று சமணம், ஒன்று சைவம். மூன்றுமே ஆசீவகத்தை ஏற்காதவை. ஒரு சமயத்தின் சரித்திரத்தை அதன் மூன்று எதிரிகளின் வாக்குமூலத்தைக் கொண்டு எழுத நேர்ந்தது என்பதையும், அவ்வாக்குமூலங்கள் பெரும்பான்மையும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன என்பதையும் எண்ணிப் பார்க்குந்தோறும், அந்தப் பழம்புலவர்களிடத்து எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாகிறது. அவர்கள் விரும்பியிருந்தால் ஆசீவகனை மூடனாகச் சித்திரித்து நான்கு அடிகளில் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். கேட்பதற்கு அந்நாளிலேயே ஆட்கள் அருகிவந்தனர்.

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வஞ்சி நகரத்தில், மாதவன் வடிவு கொண்டு, மணிமேகலை சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மர் பேசுகிறார்கள். நூலாசிரியராகிய சாத்தனார் பௌத்த நெறியினர். தம் காவியத் தலைவியைப் பௌத்தத்தில் நிலைநிறுத்துவதே அவர் நோக்கம். எனினும் அவ்விடத்தில் அவர் பெரும்பாலும் கேட்பவராகவே இருந்துவிடுகிறார். பிரமாணங்கள் எத்தனை, அவற்றின் இலக்கணம் யாது, பொருள்களின் பாகுபாடு யாது என்று ஒவ்வொரு வாதியும் தன் நூலைத் தன் வாயால் விரித்துரைக்கிறான், இடைமறிப்பார் இல்லை. பூதவாதி மட்டும் ஓர் உவமை சொல்கிறான்: ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் ஒன்றாய்க் கூட்டும்போது, அவற்றுள் எதனிலும் தனியே இல்லாத மதுவின் வெறி பிறப்பதுபோல, பூதங்களின் கூட்டத்திலிருந்து உணர்வு பிறக்கிறது, ஆன்மா என்று வேறொன்றில்லை என்பது அவன் பட்சம். இருபது நூற்றாண்டு உலோகாயத வாதத்தின் மிகச்சிறந்த வாதம் அது; இன்றும் எளிதில் விடையிறுக்க இயலாதது. அதைச் சாத்தனார் சுருக்காமல், மழுக்காமல், அவனுக்கே உரிய கூர்மையோடு எழுதிவைத்தார். பிரத்தியட்சம் ஒன்றே பிரமாணம், அனுமானம் செல்லாது என்று அவன் சொன்ன பிறகுதான் மணிமேகலை வாய்திறந்து, உன் தந்தையும் தாயும் இன்னார் என்பதை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று வினவுகிறாள். ஒரே வினா. அவன் சொன்ன அவ்வளவையும் நாம் பொறுமையோடு கேட்டிருந்தமையால்தான் அவ்வினா அத்துணைத் தைக்கிறது. சொன்னதைச் சொல்லவிடாமல் முன்னமே கேட்டிருந்தால் அது வெறும் குதர்க்கமாகப் போயிருக்கும்.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை இரண்டாகப் பகுத்துப் பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னுமாக வைத்தமை யாவரும் அறிந்ததே. பிறர் பக்கத்தைக் கூறிய பின்னரே தன் பக்கத்தைக் கூறுவது என்ற அந்த ஒழுங்கிலேயே ஒரு பண்பாடு விளங்குகிறது. உலோகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை பதினான்கு மதங்களை அவர் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொன்றிலும் மதம் என்ற தலைப்பின்கீழ் அம்மதத்தாரின் கொள்கை நிற்கும், மறுதலை என்ற தலைப்பின்கீழ் அதற்குரிய விடை நிற்கும். இரண்டையும் கலந்து எழுதுவது எளிது. எதிராளியின் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் தன் ஏளனத்தை ஒட்டிவிட்டுப் போவது அதனினும் எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. மதம் கூறும் பகுதியை மட்டும் தனியே எழுதி ஒருவன் கையிற் கொடுத்தால், அது அம்மதத்தானே எழுதிய சிறுநூல்போல நின்று நிலவும்.

உமாபதி சிவாச்சாரியாரின் சங்கற்ப நிராகரணம் இவ்வழியில் இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. சகம் 1235-இல், அதாவது கி.பி. 1313-இல், தில்லையில் ஆனித் திருவிழாவில் கூடிய வாதிகளின் உரையாடலாக அமைந்த அந்நூலில், ஒவ்வொரு வாதியின் சங்கற்பத்தையும் அடுத்து வரும் வாதியே நிராகரிக்கிறான். நிராகரித்தவன் தன் சங்கற்பத்தைக் கூற, அவனை அடுத்தவன் நிராகரிக்கிறான். மாயாவாதியை மறுக்க ஐக்கியவாதி, ஐக்கியவாதியை மறுக்கப் பாடாணவாதி என்று அவ்வரிசை நீளுகிறது. இதில் நான் வியப்பது யாதெனில், அங்கே மறுக்கப்படுவோருள் பலர் சைவத்தின் உள்வட்டத்தைச் சார்ந்தவர்கள். திருநீற்றிலும் திருவைந்தெழுத்திலும் வேறுபாடு இல்லாதவர்கள். தூரத்துப் பகைவனோடு நியாயமாக வாதிடுவது ஓரளவு கைகூடும். தன் வீட்டுத் திண்ணையில் உடன் அமர்ந்திருப்பவனோடு நூலிழை போன்ற வேற்றுமைக்காக வாதிடும்போது நியாயம் தவறாமல் இருப்பது அரிதினும் அரிது. ஒருவனுடைய குறையை மற்றவன் வாயாலேயே சொல்லவைத்த உமாபதி சிவத்தின் உத்தி, அந்த அரிய செயலுக்காகக் கண்டெடுக்கப்பட்ட உபாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சமய நூலாரை விட்டு உரையாசிரியர்களிடம் வருவோம். நன்னூலில் பவணந்தியார், நூல் செய்வோர் பிறர் கொள்கையோடு நடந்துகொள்ளும் வகைகளை எழுவகை மதம் என்று வகுத்து வைத்தார். உடன்படுதலும் மறுத்தலும் அவற்றுள் அடங்கும் என்பது எதிர்பார்க்கக் கூடியதே. பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்பு களைதல் என்பதையும், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒன்றைத் துணிதல் என்பதையும் அவர் தனி வகைகளாக எண்ணியிருப்பதே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. மாறுபடுதல் என்பது கோபத்தின் விளைவு என்று கருதிய சமுதாயம் அதற்கு இலக்கணம் வகுத்திருக்காது. அதை ஒரு கலையாகவும், கற்றுக்கொள்ள வேண்டிய தொழிலாகவும் கருதியமையால்தான், எழுத்து, சொல் ஆகியவற்றின் இலக்கணத்தைப் பயிலப் புகும் மாணவனுக்குப் பாயிரத்திலேயே அது கற்பிக்கப்பட்டது.

அத்தொழிலின் கருவிகள் மிகச் சிறியவை. அற்றேல், அற்றன்று, என்னை, எனின், என்க, என்பாரும் உளர் என்னும் இச்சொற்கள் உரைநூல்களின் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணிற்படும். சொற்கள் சிறியவையாயினும், ‘எனின்’ என்று ஓர் உரையாசிரியர் எழுதுமிடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாணாக்கன் எழுந்து நிற்கிறான்; அவன் கேட்கும் கடாவை ஆசிரியர் மறைக்காமல் எழுதுகிறார்; எழுதிய பிறகே விடை கூறுகிறார். இறையனார் களவியலுரை முழுவதும் இந்நடையிலேயே ஓடுகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரோடு பற்பல இடங்களில் மாறுபடுகிறார். சில இடங்களில் மிகக் கண்டிப்பாகவே மாறுபடுகிறார். எனினும் அவரைக் குறிக்க நேரும்போதெல்லாம் உரையாசிரியர் என்றே குறிக்கிறார். தம்மால் மறுக்கப்படுபவரை, உரை என்ற கலைக்கே ஆசிரியர் என்னும் பெயரால் அழைப்பதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை.

திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்று ஒரு பழைய வழக்கு உண்டு. அவற்றுள் ஐவர் உரையே நமக்குக் கிடைத்திருக்கிறது. பரிமேலழகர் தமக்கு முந்தியவர்களைப் பெரும்பாலும் பெயர் சுட்டாமல், இவ்வாறு உரைப்பாரும் உளர் என்ற அளவில் குறித்துவிட்டு, ஓரிரு சொற்களில் அவ்வுரை பொருந்தாமைக்குக் காரணம் காட்டிச் செல்கிறார். காரணம் காட்டுதல் என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மணக்குடவர் மக்கட்பேறு என்று வழங்கிய அதிகாரத்தைப் பரிமேலழகர் புதல்வரைப் பெறுதல் என்று வழங்கினார். அவ்வதிகாரத்தின் முதற் குறளில், மக்கள் என்ற பெயர் பெண்மக்களை ஒழித்து நின்றது என்றும் உரைத்தார். இக்கருத்து நம்மில் பலருக்கு வேதனை தருவது. எனக்கும் அது உடன்பாடன்று. ஆனால் அவர் அதனை வெறும் ஆணையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அறிவறிந்த என்ற அடையினால் அப்பொருள் பெறப்படும் என்று தம் காரணத்தை வெளிப்படையாக எழுதிவைத்தார். அந்தக் காரணத்தை எழுதியமையால்தான், பின்வந்தவர்கள் அதனைக் கையிலெடுத்து, அறிதற்குரியவற்றை அறிதல் ஆண்மக்களுக்கு மட்டும் உரியதன்று ஆகலின் அவ்வடை பெண்ணை விலக்காது என்று நேரே மறுக்க முடிந்தது. 1949-இல் வெளிவந்த டாக்டர் மு. வரதராசனாரின் தெளிவுரை அதிகாரத்தை மக்கட்பேறு என்றே வழங்கி, பொருளையும் பொதுவாகவே உரைத்துச் சென்றது. தன் காரணத்தை எழுதிவைப்பவன், தன்னை மறுப்பதற்கான வழியையும் எதிர்காலத்தவருக்குத் திறந்து வைக்கிறான். அவ்வகையில் பரிமேலழகர் தமக்கு மாறுபடுவோர் அனைவருக்கும் உதவி செய்தவரே ஆவார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவரிடம் இக்கலை தன் உச்சத்தையும் அடைந்தது. தன் கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கிய இடமும் அதுவே என்று சொல்லத் துணிகிறேன். 1785-இல் சிவபதம் அடைந்த அம்முனிவரின் சிவஞானபோத மாபாடியத்தை வியவாதார் யார்? ஆனால் அவர் நூல்களின் பெயர்களைப் பாருங்கள்: சிவசமவாத உரை மறுப்பு, சித்தாந்த மரபு கண்டன கண்டனம், எடுத்து என்னும் சொல்லுக்கு இட்ட வைரக்குப்பாயம், இலக்கண விளக்கச் சூறாவளி. கண்டனத்துக்கு ஒரு கண்டனம்; ஒரே ஒரு சொல்லின் உரையைக் காக்க ஒரு வைரக் கவசம். திருவாரூர் வைத்தியநாத தேசிகர் தமக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர் இயற்றிய இலக்கண விளக்கத்தின்மேல் அவர் சூறாவளியை ஏவினார். இன்ன நூற்பாவில் இன்ன சொல் பிழைபட்டது என்று இடஞ்சுட்டிக் காட்டும் நேர்மை அதில் உண்டு; தம் மறுப்பைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் மூலத்திற்கே திரும்பிச் செல்லலாம். ஆயினும், வைத்தியநாத தேசிகர் எக்கருத்துப்பற்றி அவ்வாறு நூற்பா செய்தார் என்று, அவர் பக்கம் நின்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கும் பொறுமை அந்தச் சூறாவளியில் அரிதாகவே காணப்படுகிறது. இலக்கண விளக்கமோ அதனால் வழக்கொழிந்து போகவில்லை. குட்டித் தொல்காப்பியம் என்ற சிறப்புப் பெயரோடு இன்றும் பயிலப்படுகிறது. சிவஞான முனிவரின் தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தியையும் பின்னாளில் சோழவந்தான் அரசஞ்சண்முகனார் அதே கூர்மையோடு மறுத்தார்.

தமிழில் உரைநடை தனித்து வளர்ந்த வரலாற்றிலும் மறுப்புக்கு ஒரு பெரும்பங்கு உண்டு என்பதை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். தத்துவ போதகர் என்று அழைக்கப்பெற்ற இராபர்ட் தெ நொபிலி பாதிரியார் தூஷண திக்காரம், புனர்ஜென்ம ஆக்ஷேபம் முதலிய நூல்களைப் பதினேழாம் நூற்றாண்டில் வசனத்தில் எழுதினார். வீரமாமுனிவர் 1728-இல் வேதவிளக்கத்தை எழுதியதும், பேதக மறுத்தலை எழுதியதும் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்திருந்த லுத்தரன் பாதிரிமார்களின் பிரசாரத்திற்கு எதிராகவே. காவியத்துக்குச் செய்யுள் போதும். ஆனால் எதிராளி நேற்று அச்சிட்டதற்கு இன்று விடை சொல்ல வேண்டுமானால் வசனமே வேண்டும். 1835-இல் அச்சகம் நடத்துவதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, சுதேசிகளின் அச்சுக்கூடங்கள் பெருகின. துண்டுப்பிரசுரங்கள் திருவிழாக் கூட்டங்களில் கைக்குக் கை மாறின. 1841-இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் பக்கங்களில் கிறிஸ்தவ, சைவ வாதங்கள் இரண்டுக்கும் இடம் கிடைத்தது.

இச்சூழ்நிலையில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் பழைய பரபக்க மரபின் உண்மையான வாரிசு என்பது என் கருத்து. நாவலர் பீற்றர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பல ஆண்டுகள் விவிலியத்தைத் தமிழாக்குவதில் உழைத்தவர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளியாயிற்று. எதிராளியின் வேதத்தை வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் தம் கையால் தமிழில் எழுதிப் பார்த்த ஒருவர், பின்பு அவர்களுக்கு விடை எழுத அமர்ந்தார் என்றால், அதனினும் மேலான ஆயத்தம் வேறு யாது இருக்க முடியும்? கோயிலையும், தீபத்தையும், தூபத்தையும், அபிடேகத்தையும் பாதிரிமார் பழித்தபோது, எருசலேம் தேவாலயத்தின் தீபத்தையும் தூபவர்க்கத்தையும் அபிஷேக தைலத்தையும் அவர்களுடைய பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக்காட்டி அவர் விடையிறுத்தார். தம்முடைய ஆகமங்களை அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதை உணர்ந்து, அவர்கள் ஏற்கும் பிரமாணத்தின்மேலேயே தம் வாதத்தை நிறுத்தினார். நடை கடுமையானதுதான், ஆனால் அக்கடுமைக்குப் பின்னே கல்வி இருந்தது.

அதே நாவலர் ஈடுபட்ட மற்றொரு விவாதத்தை நினைக்கும்போது எனக்கு மனவருத்தமே மிகுகிறது. தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் 1867-இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரோடு அச்சாகி வெளிவந்தன. அருட்பா என்ற பெயர் திருமுறைகளுக்கே உரியது, வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பாடலுக்கு அதனைச் சூட்டலாகாது என்று நாவலர் தரப்பினர் எழுந்தார்கள். இதனுள் மிக ஆழமான ஒரு கேள்வி அடங்கியிருந்தது. ஒரு நூலைத் தெய்வத்தன்மை உடையது என்று துணிபவர் யார்? மரபா, அடியார் கூட்டமா, ஆதீனமா, பாடலின் அனுபவமா? திருமுறை வகுப்பு ஒரு காலத்தில் நிறைவெய்திவிட்டதா, இன்னும் திறந்திருக்கிறதா? இக்கேள்விக்கு இருபக்கத்திலும் சொல்லத்தக்க வலிய நியாயங்கள் உண்டு. அருணந்தி சிவாச்சாரியார் போன்ற ஒருவர் கையில் அகப்பட்டிருந்தால் தமிழில் ஒரு மகத்தான தருக்க நூல் எழுந்திருக்கும். நடந்ததோ வேறு. போலியருட்பா மறுப்பு என்று ஒரு பிரசுரம், அதற்குக் கண்டனம், கண்டனத்துக்கு மறுப்பு, ஆளைப் பற்றிய ஏசல், 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. அடிகளும் நாவலரும் மறைந்த பின்னரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை ஒருபுறமும், மறைமலையடிகள், செய்குத்தம்பிப் பாவலர் முதலியோர் மறுபுறமுமாக அது மீண்டும் மூண்டது. பிரசுரங்கள் நாள்கணக்கில் அச்சாகும் வேகம் வந்தபோது, எதிராளியின் பக்கத்தை எழுதிவைக்கும் அவகாசம் போயிற்று. அவன் சொன்னதைத்தான் நேற்றே எல்லோரும் படித்துவிட்டார்களே, நாம் எதற்கு மறுபடியும் எழுதுவது என்ற எண்ணம் எழுதுவோர் மனத்தில் குடிகொண்டது. அதன் பலனை அடுத்த தலைமுறையினர் அனுபவித்தார்கள்: கையில் கிடைத்த ஒரு பிரசுரத்தை மட்டும் படித்தவர்களுக்கு வசை விளங்கிற்று, வழக்கு விளங்கவில்லை.

விவாதம் நன்றாக நடந்தால் அதனால் என்ன பிரயோஜனம் விளையும் என்பதற்கு நம் காலத்தை அடுத்த ஓர் உதாரணத்தையும் காட்டிவிடுகிறேன். 1930-களின் நடுவில், பாரதியார் மகாகவியா என்ற கேள்வி பத்திரிகைகளில் எழுந்தது. வ.ரா. ஒரு பக்கமும் கல்கி மறுபக்கமும் நின்றார்கள். சொற்கள் சில வேளைகளில் சூடேறின. ஆனால் அதன் பயனாக, மகாகவி என்பதற்கு இலக்கணம் யாது, கற்பனை யாது, நடை யாது என்று பாரதியின் பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. அவ்வாறு ஆராய்ந்து கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய கட்டுரைகள் 1937-இல் கண்ணன் என் கவி என்ற நூலாக வந்தன. பாரதியைப் போற்றிய சொற்பொழிவுகள் அதற்கு முன்பும் இருந்தன. பாரதியின் கவிதையை நிறுத்து நோக்கிய விமரிசனம் வேர்கொண்டதற்கு, மறுப்பவர் ஒருவர் எதிரே இருந்தது பெருங்காரணம்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அருட்பா மருட்பா என்று வழங்கும் மேற்கூறிய விவாதத்தின் இருதரப்புப் பிரசுரங்களையும் தேடித் தொகுத்து, ப. சரவணன் 2010-இல் ஒரு பெருந்தொகுப்பாகப் பதிப்பித்தார். அத்தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்டனத்தைப் படித்தவுடன் அது கண்டிக்கும் பிரசுரத்தையும் புரட்டிப் பார்க்கும்போதுதான், எந்தச் சொல் யாருடைய சொல்லுக்கு விடையாகப் பிறந்தது என்பது தெளிவாகிறது. நூற்றைம்பது ஆண்டு வசையின் அடியில் புதைந்து கிடந்த திருமுறைக் கேள்வியும் அப்போதுதான் தலைதூக்குகிறது. இவ்வகைப் பணி இன்னும் பல விவாதங்களுக்குச் செய்யப்படாமலே கிடக்கிறது. யாழ்ப்பாணத்துச் சைவ, கிறிஸ்தவப் பிரசுரங்கள், சென்னையில் அச்சான சைவ, வைணவக் கண்டனங்கள், செந்தமிழ் முதலிய பத்திரிகைகளில் இலக்கணம் பற்றி நிகழ்ந்த பூசல்கள் ஆகிய இவற்றுள் பல, ஒரு பக்கம் ஒரு நூலகத்திலும் மறுபக்கம் வேறொரு நூலகத்திலுமாகப் பிரிந்து, தாள் பொடிந்து வருகின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, மதத்தை முன்னும் மறுதலையைப் பின்னும் வைத்து, தேதிகளோடு, ஒரு சொல்லையும் குறைக்காமல் பதிப்பித்துத் தரும் மாணவருக்கு இத்தமிழ்த்துறை செய்யக்கூடிய உதவிகள் யாவற்றையும் செய்ய வேண்டுமென்று அவைத்தலைவரையும் பேராசிரியர்களையும் வேண்டிக்கொள்கிறேன். தொடக்கமாக, 1854-இன் சைவதூஷண பரிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அது விடையிறுத்த மிஷனரிப் பிரசுரங்களோடு அதனை அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்புத் தமிழ் மாணவருக்கு இன்று எளிதாக இல்லை.